மொட்டைக்கு முளைத்த முடி

"என் தட்டுல யாரோ கை வச்சிருக்காங்க, மேடம்."

கதவைத் தட்டாமலே உள்ளே வந்து இதைச் சொன்னார் நல்லபெருமாள்.

ஜுலைகா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்தார்.

"உக்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

மாணவருக்கு வயது நாற்பத்தாறு. ஆசிரியைக்கு நாற்பது. இருபது வருடம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தியவர் நல்லபெருமாள். முனைவர் பட்டம் இல்லாதவர்களை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரி சொல்லிவிட்டது. மூன்று வருட விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். அதில் இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி.

வயதில் மூத்தவர் என்பதால் ஆசிரியை அவரைச் சார் என்பார். அவர் ஆசிரியையை மேடம் என்பார். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில், மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் படிக்கும் அந்தச் சின்ன ஆய்வகத்தில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

"பாருங்க."

வட்டத் தட்டை மேசையில் வைத்தார். உள்ளே அகர் கூழ் கெட்டியாக உறைந்திருந்தது. அதன்மேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள். இரண்டும் பாக்டீரியா வளர்ந்த கோடுகள். இடதுபக்கக் கோட்டின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை படர்ந்திருந்தது.

"இது என்னோடது. இதுல முடி வரக்கூடாது."

*

மழை பெய்ததும் மண் மணக்குமே, அந்த வாசனையைத் தருகிற வகை பாக்டீரியா அது.

தீனி இருக்கும்வரை மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவும். தீனி குறைந்ததும் சில நூல்கள் மண்ணைவிட்டு மேலே எழும். பார்க்க வெள்ளை முடி மாதிரி இருக்கும். பிறகு முடி துண்டு துண்டாகி வித்துகளாகும். காற்று அவற்றைக் கொண்டுபோகும்.

எப்போது எழுவது என்று மரபணுக்கள் தாமாக முடிவு செய்வதில்லை. அவற்றின்மேல் போய் உட்காரும் சில புரதங்கள் சொல்ல வேண்டும். ஒரு புரதம் உட்கார்ந்தால் மரபணு திறக்கும். இன்னொன்று உட்கார்ந்தால் மூடிக்கொள்ளும்.

திறக்கச் சொல்லும் புரதம் ஒன்றைத்தான் நல்லபெருமாள் படித்துக்கொண்டிருந்தார். அதற்குரிய மரபணுவை பாக்டீரியாவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார். ஒன்றரை வருட வேலை. புரதம் இல்லை என்றால் உத்தரவு இல்லை. உத்தரவு இல்லை என்றால் முடி எழாது. கோடு வழுவழுவென்று பளபளக்கும்.

ஆய்வகத்தில் அப்படிப்பட்டதை மொட்டை என்பார்கள்.

நல்லபெருமாளுக்கும் தலையில் முடி கிடையாது. "சாரோட மொட்டை நல்லா வளருது" என்று ஒருநாள் சக மாணவி ஜெசிந்தா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அதை மறக்கவில்லை.

*

"பக்கத்துக் கோடு ஜெசிந்தாவோடதுதானே?" என்று ஜுலைகா கேட்டார்.

"ஆமா. அதான் சொல்லுதேன். தனியா நான் போட்ட தட்டு பன்னிரண்டு. பன்னிரண்டும் மொட்டை. அவ கை பட்ட தட்டு ஒன்பது. ஒன்பதுலயும் முடி. அதுவும் எந்தப் பக்கம்? அவ கோடு இருக்கிற பக்கம்."

ஜெசிந்தா அங்கே நாலாவது வருட ஆராய்ச்சி மாணவி. இருபத்தெட்டு வயது. அவள் எடுத்திருந்தது எதிர்மாதிரியான புரதம். காலம் வரும்வரை பல மரபணுக்களை மூடியே வைத்திருக்கும் புரதம் அது. அதை நீக்கினாலும் பாக்டீரியா மொட்டைதான். மூடியிருக்க வேண்டியவை நேரங்கெட்ட நேரத்தில் திறந்து, ஒன்றும் ஒழுங்காக நடக்காமல் போய்விடும்.

இரண்டையும் ஒரே தட்டில், ஒரே சூட்டில் வளர்த்துப் பார்க்கலாம் என்று மேடம்தான் சொல்லியிருந்தார்.

"என்ன நடந்திருக்கும்ங்கீங்க?"

"மரபணு வெட்டாத முழு பாக்டீரியாவைக் கொண்டாந்து தடவியிருக்கா. அதுக்குத்தான் முடி வரும். என் புரதம் இல்லாமலே முடி வருதுன்னு ஆகிட்டா என் ஆராய்ச்சி போச்சு. அவளோடது மட்டும் நிக்கும்."

ஜுலைகா தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்த வெள்ளையைக் கேட்டீங்களா, சார்?"

"எதை?"

"இந்த வெள்ளையை."

நல்லபெருமாளுக்கு எரிச்சல் வந்தது.

"இதைக் கேக்க என்ன இருக்கு மேடம்? கேக்க வேண்டியது அவளை."

ஜுலைகா தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அலமாரியைத் திறந்து ஒரு பூட்டை எடுத்தார். அதோடு இரண்டு சாவிகள் கட்டியிருந்தன. இரண்டையும் அவர் கையில் வைத்தார்.

"இன்குபேட்டருக்குப் போட்டுக்கங்க."

*

தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் அந்தப் பெட்டிக்குள், தாமும் ஜெசிந்தாவும் புதிதாகக் கோடு போட்ட தட்டுகளை வைத்து அன்றே பூட்டினார். ஒரு சாவி சட்டைப் பையில். இன்னொன்று வீட்டுப் பீரோவில்.

ஐந்து நாள் கழித்துத் திறந்தார்.

முடி.

மூன்றாவது சாவி ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தார். யாரிடம்? பூட்டைக் கொடுத்தது யார்?

அடுத்த முறை பெட்டிக் கதவுக்குக் குறுக்கே காகிதம் ஒட்டினார். பாதி காகிதத்திலும் பாதி கதவிலும் வருகிற மாதிரி கையெழுத்துப் போட்டார். காலையில் வந்ததும் கையெழுத்தைப் பார்ப்பார். சாப்பிடப் போகும்போது பார்ப்பார். சாப்பிட்டு வந்து பார்ப்பார்.

"கோயில்ல சீல் வச்ச மாதிரி இருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா.

எதற்காக இவள் இதைக் கவனிக்கிறாள் என்று நினைத்தார்.

காகிதம் கிழியவில்லை. கையெழுத்து பிசகவில்லை. உள்ளே முடி வந்திருந்தது.

*

அப்படியானால் பெட்டிக்குள் போவதற்கு முன்பே நடக்கிறது. கோடு இழுக்கும்போதே.

அடுத்த தட்டை அவள் போடும்போது பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஜெசிந்தா கம்பி வளையத்தைத் தீயில் காட்டினாள். ஆறவிட்டாள். தன் பாக்டீரியாவை வளர்த்து வைத்திருந்த குழாயிலிருந்து ஒரு சொட்டு தொட்டுக் கோடு இழுத்தாள். தட்டை மூடினாள்.

"என்ன சார், என் கையையே பாக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

"நடுங்குதா?"

"இல்லையே."

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு வளையத்தையும் குழாயையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்ததுல என் கோட்டையும் நீங்களே போடுங்க சார். நான் தொடவே இல்ல."

சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. குற்றம் செய்யாதவர் தாமாக முன்வந்து இப்படிச் சொல்வாரா?

அவரே இரண்டு கோட்டையும் போட்டார். முடி வந்தது.

குழாயிலேயே கலந்து வைத்திருக்கிறாள். வேறு வழியே இல்லை.

*

கல்லூரியில் அவருக்கு ஒன்று நடந்திருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் அவர் எழுதிய பாடநூலின் கையெழுத்துப் பிரதியை ஒரு நண்பர் வாங்கிப் படித்துவிட்டுத் தருவதாகச் சொன்னார். அடுத்த வருடம் நண்பர் பெயரில் அது வெளிவந்தது. நண்பர் அவருடைய வீட்டில் வாரம் ஒருமுறை சாப்பிட்டவர். அன்றிலிருந்து நல்லபெருமாள் கையெழுத்துப் பிரதிகளைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தார்.

"கலப்படம் அவ குழாயில இருக்கு மேடம்" என்றார், மறுநாள் ஜுலைகாவின் அறையில் நின்று.

"குழாயைத் தனியா வளத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன வந்தது?"

அவர் தயங்கினார்.

"மொட்டைதான் வந்தது. ஆனா நான் பாக்கப்போறேன்னு தெரிஞ்சு மாத்தியிருப்பா."

ஜுலைகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளையைக் கேட்டீங்களா?"

மறுபடியும் அதே வார்த்தை.

நல்லபெருமாள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். போன வாரம் இந்த அறையிலிருந்து ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனது ஞாபகம் வந்தது. கதவு அரை மணி நேரம் சாத்தியிருந்தது. என்ன பேசினார்கள்? தன்னிடம் மட்டும் ஏன் விடுகதை?

"மேடம், நீங்க யார் பக்கம்?"

"பக்கம்லாம் எனக்கு இன்னும் தெரியல சார்."

அவர் திரும்பி வெளியே போனார். அன்று மத்தியானமே துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். என் ஆய்வை அழிக்கும் நோக்கத்தோடு சக மாணவி செல்வி ஜெசிந்தா தொடர்ந்து கலப்படம் செய்து வருகிறார். மூன்று பக்கம். ஒன்பது தட்டுகளின் படம் இணைத்திருந்தார்.

*

துறைத் தலைவர் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"நீ எதையாவது கலந்தியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப முடி எப்படி வந்தது?"

"தெரியல சார்."

"தெரியலன்னா?"

"எனக்கும் தெரியணும் சார்" என்றாள் ஜெசிந்தா. குரல் உடைந்தது.

ஜுலைகா குறுக்கே பேசினார். "இன்னும் ஒரு மாசம் கொடுங்க சார். நாங்களே பாத்துருதோம்."

"எழுத்துல வந்துட்டுது மேடம். நான் சும்மா வச்சிருந்தா என்னைக் கேப்பாங்க." தலைவர் நல்லபெருமாளைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவை. "விசாரணை முடியறவரைக்கும் நீ லேப்புக்கு வரவேண்டாம்."

ஜெசிந்தா மேசையைக் காலி செய்தாள். நோட்டுகளைத் துறையில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு டிபன் டப்பா, குடை, ஒரு பை. அவ்வளவுதான்.

மாடிப்படியில் நல்லபெருமாள் எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டார். அவள் இரண்டு படி இறங்கி நின்றாள்.

"சார், இன்குபேட்டருக்குள்ள இருக்கிற கிண்ணத்துல தண்ணி குறையாம பாத்துக்கங்க. வெயில் காலம். அகர் காஞ்சிரும்."

அவர் தலையாட்டினார்.

உள்ளே போனதும் முதல் வேலையாகக் கிண்ணத்தில் இருந்த தண்ணீரைக் கொட்டினார். கிண்ணத்தை மூன்று முறை கழுவினார். புதுத் தண்ணீர் ஊற்றினார்.

*

அதன்பிறகு பதினாறு நாள்.

மூன்று தடவை தட்டுகள் போட்டார். எல்லாம் மொட்டை. பளபளவென்று, ஓரத்தில்கூட ஒரு புள்ளி வெள்ளை இல்லாமல்.

பதினேழாம் நாள் காலை ஆறு தட்டுகளை ஜுலைகாவின் மேசையில் வரிசையாக அடுக்கினார். இந்த முறை கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

"இனிமேயாவது நம்புவீங்களா மேடம்? அவ போனா. முடியும் போச்சு."

ஜுலைகா தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆமா சார். போயிருக்கு."

நல்லபெருமாள் முதல்முறையாக அந்த அறையில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அவ போனப்ப, கூட வேற என்ன போச்சு?" என்று கேட்டார் ஜுலைகா.

"என்ன போச்சு? டிபன் டப்பா போச்சு."

ஜுலைகா சிரிக்கவில்லை. ஆறு தட்டுகளையும் அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு விடைத்தாள்களை எடுத்துக்கொண்டார்.

*

நல்லபெருமாள் ஆறு தட்டுகளையும் கழுவப் போடும் தொட்டிக்கு எடுத்துப் போனார். போடப்போனவர் கையை நிறுத்திக்கொண்டார்.

தட்டின் இடப்பக்கம் அவருடைய கோடு. வலப்பக்கம் காலி.

பழக்கத்தில் இடப்பக்கமே கோடு இழுத்திருந்தார். வலப்பக்கம் இன்னொருவருக்காக விட்ட இடம் மாதிரி வெறுமனே கிடந்தது.

அவள் போனபோது அவளுடைய கோடும் போயிருந்தது.

அதனால் என்ன, என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். கலப்படக் குழாய் போனது. முடி போனது. கணக்குச் சரிதானே.

அன்று முழுக்க வேறு வேலை பார்த்தார். மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் குளிர்பெட்டியைத் திறந்து ஜெசிந்தாவின் பெயர் எழுதிய சிறு குழாயை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவள் முதன்முதலில் உறைய வைத்தது. அப்போது அவருடைய மொட்டை பாக்டீரியா உருவாகியிருக்கவே இல்லை. அதில் அவரைக் கெடுக்க யாரும் எதையும் கலந்திருக்க முடியாது.

ஆய்வகத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். அவரே அகர் காய்ச்சினார். அவரே தட்டில் ஊற்றினார். அவரே இரண்டு கோடும் இழுத்தார். நடுவில் எட்டு மில்லிமீட்டர். அளவுகோல் வைத்துப் பார்த்தார். பூட்டினார். காகிதம் ஒட்டினார். கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் கையெழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிட்டுக் கிழித்தார்.

முடி வந்திருந்தது.

வெள்ளையாக, மெல்லியதாக, அவள் கோட்டைப் பார்த்த பக்கம் மட்டும்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. தம் கைகளைப் பார்த்தார். ஒரு கணம் தம்மையே சந்தேகப்பட்டார். தூக்கத்தில் எழுந்து வந்து ஏதாவது செய்தோமா?

ஸ்டூலில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எங்கிருந்து வந்தது? வந்ததா? இல்லை...

வெள்ளையைக் கேட்டீங்களா?

எழுந்தார். பர்னரைப் பற்றவைத்தார். வளையத்தைச் சுட்டு ஆறவைத்தார். ஓரத்து வெள்ளையில் நுனியால் தொட்டு, துளியூண்டு எடுத்து, புதுத் தட்டில் தனியாகக் கோடு போட்டார்.

அந்நிய பாக்டீரியா என்றால் தனியாக வைத்தாலும் முடி வளர்க்கும். எங்கே வைத்தாலும் வளர்க்கும்.

ஐந்து நாள்.

மொட்டை.

மறுபடி போட்டார். மூன்று தடவை. மூன்று தடவையும் மொட்டை.

அந்த வெள்ளை அவருடையதுதான். அவருடைய மொட்டைதான் முடி வளர்த்திருக்கிறது. வளர்க்கத் தெரியாமல் கிடக்கவில்லை. எழு என்று சொல்லும் ஒரு பொருளைத் தானாகச் செய்ய முடியாமல் கிடந்தது. பக்கத்துக் கோடு அந்தப் பொருளைச் செய்து அகருக்குள் கசியவிட்டிருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் தூரம் அது ஊறி வந்திருக்கிறது.

இரண்டு கோடும் இருந்த தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஜெசிந்தாவின் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மொட்டையாகவே இருந்தது. அதற்கு ஒரு முடிகூட எழவில்லை.

*

"உங்களுக்கு முதல்லயே தெரியும்" என்றார் நல்லபெருமாள்.

ஜுலைகா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது சார்."

"தெரியாமலா திரும்பத் திரும்ப அதையே கேட்டீங்க?"

"வெள்ளை யாரோடதுன்னு பாக்கணும்னு தெரியும். யாரோடதா இருக்கும்னு தெரியாது."

"தெளிவாச் சொல்லியிருக்கலாமே. எடுத்துத் தனியா வளருங்கன்னு."

"சொல்லியிருக்கலாம். பாடம் நடத்துன மனுஷருக்கு இதைப் போய்ச் சொல்லணுமான்னு இருந்தேன். என் தப்புதான்."

நல்லபெருமாள் தலை குனிந்து நின்றார்.

"என்னை நம்பியிருந்தீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"இல்ல சார். நான் சந்தேகப்பட்டேன்."

"ஜெசிந்தாவையா?"

"உங்களை."

நல்லபெருமாள் நிமிர்ந்தார்.

"உங்க மரபணுவை நீங்க முழுசா வெட்டலையோன்னு சந்தேகம். பாதி வெட்டிட்டு வெட்டிட்டேன்னு சொல்லுதீங்களோன்னு. லீவு முடியப்போற அவசரத்துல."

"என்னையா?"

"ஒரு மாசம் சந்தேகப்பட்டேன். உங்க குழாயிலருந்து கொஞ்சம் எடுத்து நானே டிஎன்ஏவைப் பாத்தேன். சுத்தமா வெட்டியிருந்தீங்க. வருஷக் கணக்கா நான் பாத்ததுல அவ்வளவு சுத்தமான வேலை இல்ல."

அவருக்கு முகம் சிவந்தது. பெருமையா கோபமா என்று தெரியவில்லை.

"என்னையே கேட்டிருக்கலாமே மேடம்."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"நான் அப்படிச் செய்யலன்னு சொல்லியிருப்பேன்."

"ஜெசிந்தாவும் அதைத்தான சொன்னா."

நல்லபெருமாள் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"தலைவரைப் பாத்துட்டு வாரேன்" என்றார் நல்லபெருமாள்.

*

துறைத் தலைவர் தட்டைப் பார்க்கவில்லை. கடிதத்தைத்தான் கேட்டார். நல்லபெருமாள் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். என் புகார் தவறு. செல்வி ஜெசிந்தா எந்தக் கலப்படமும் செய்யவில்லை.

"நாளைக்கே அந்தப் பொண்ணு வரலாம்" என்றார் தலைவர். "போன் பண்ணிச் சொல்லிருங்க."

அவர் போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. ஜுலைகா செய்தார். எடுக்கவில்லை.

"ஊருக்குத்தான் போகணும்" என்றார் ஜுலைகா.

"நான் போறேன்."

"தட்டையும் கொண்டுபோங்க. மூடியைத் திறக்கக்கூடாது."

*

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கடலோர ஊர். தட்டைத் துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து, மடியிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒழுங்கு செய்துகொண்டார்.

வீட்டில் அவள் இல்லை. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே சித்தி வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள் என்றார்கள்.

மத்தியான வெயில். கடைக்கு முன்னால் நாலைந்து பேர். நல்லபெருமாள் அவர்களுக்குப் பின்னால் நின்றார். வரிசை நகர்ந்தது.

"எத்தனை காப்பி?" ஜெசிந்தா நிமிராமலே கேட்டாள்.

"ஜெசிந்தா."

நிமிர்ந்தாள். கையில் யாருடையதோ ஆதார் அட்டை இருந்தது.

"இவங்களுக்குப் போட்டுக் குடுத்துட்டு வாரேன்" என்றாள்.

முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஒரே தாளில் எடுத்துக் கொடுத்தாள். சில்லறை வாங்கி டப்பாவில் போட்டாள். பிறகு வந்து நின்றாள்.

அவர் டப்பாவைத் திறந்து, துணியைப் பிரித்து, தட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

அவள் உடனே தொடவில்லை. கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். பிறகு எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தாள்.

"இது உங்களோடது."

"ஆமா."

"இது என்னோடது."

"ஆமா. உன் பழைய குழாயிலருந்து."

"இடைவெளி?"

"எட்டு மில்லிமீட்டர்."

"எங்கயும் தொடலையே?"

"தொடல."

"வெள்ளையை எடுத்துத் தனியாப் போட்டுப் பாத்தீங்களா?"

நல்லபெருமாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"போட்டேன். மொட்டை."

"எத்தனை தடவை?"

"மூணு."

அவள் தட்டைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். உதடு அசைந்தது. எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி இருந்தாள். ஒரு கணம் ஆய்வகத்தில் நின்ற அதே ஜெசிந்தா.

"அப்ப என்னோடதுதான் அனுப்பியிருக்கு" என்றாள்.

"ஆமாம்மா."

"அதுக்கு மட்டும் ஒண்ணும் வரல."

"வரல."

பின்னால் ஒருவர், "பாப்பா, பட்டா காப்பி ஒண்ணு" என்றார். "ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்றாள்.

நல்லபெருமாள் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"லெட்டரை வாபஸ் வாங்கிட்டேன். உன் மேல தப்பில்லைன்னு எழுதியும் குடுத்துட்டேன். நாளைக்கே வரலாம்னு தலைவர் சொல்லிட்டாரு. மேடம் உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நான்... என்னை மன்னிச்சிரும்மா."

அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?"

"கேளு."

"இந்தத் தட்டு இப்படி வரலன்னா?"

பஸ்ஸில் வரும்போது அவர் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தயார் செய்திருந்தார். இந்தக் கேள்வி அவற்றில் இல்லை.

நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணில் எரிந்தது. துடைக்கவில்லை. எதிரே அலுவலக வாசலில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"வந்திருக்க மாட்டேன்" என்றார்.

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கோபம் மாதிரியும் இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

அவள் குனிந்து, மேசையின் ஓரத்தில் இருந்த பலகையைத் தூக்கி வழிவிட்டாள்.

"உள்ள வாங்க சார்" என்றாள். "தட்டு வெயில்ல நிக்குது."